கோடு போட்டால் மீன் நிற்காது: காட் மீனின் வீழ்ச்சியும் புதுச்சேரிக் கடலும்

1814-ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கைப்படி பிரிட்டிஷார் பிரான்சிடம் திருப்பித் தந்த ஊர்களில் புதுச்சேரியும் ஒன்று. ஒப்படைப்பு நடந்தது 1816-இல். அதே ஆண்டில், அதே உடன்படிக்கையின்படி பிரான்சின் கைக்கு மீண்ட இன்னொரு நிலம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவுக்குத் தெற்கே இருக்கும் சேன் பியேர், மிக்லோன் என்ற சிறு தீவுகள். அங்கே பருத்தியும் விளையாது, நெல்லும் விளையாது. பாறையும் பனிமூட்டமும் கடுங்குளிருமே மிச்சம். ஆனாலும் பிரான்ஸ் அவற்றை விடாப்பிடியாகக் கேட்டு வாங்கியதற்கு ஒரே காரணம் காட் மீன்.

தமிழ் வாசகருக்குக் காட் என்றால் சத்துக் குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மீன் எண்ணெய்தான் நினைவுக்கு வரும். வட அட்லாண்டிக் நாடுகளுக்கோ அது பல நூற்றாண்டுச் சோறு. கொழுப்பு குறைந்த சதை என்பதால் உப்பிட்டுக் காயவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. மாலுமிகள் அதைத் தின்றுதான் பெருங்கடல்களைத் தாண்டினார்கள். அந்த மீன் 1992-இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் ஏறக்குறைய இல்லாமல் போனது. உலக மீன்வள வரலாற்றில் இவ்வளவு விரிவாக ஆராயப்பட்ட அழிவு வேறொன்று இருக்குமா என்பது ஐயமே.

புதுச்சேரிக் கடலில் காட் கிடையாது. இங்கே மத்தியும் கவலையும் காணாங்கெளுத்தியும் வஞ்சிரமும் சுறாவும் திருக்கையும்தான். ஆனால் காட் மீனை அழித்த காரணங்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வடிவில் இந்தக் கரையிலும் உண்டு. அங்கே நடந்ததையும் இங்கே நடப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நமக்கு இன்னும் எவ்வளவு நேரம் மிச்சமிருக்கிறது, அதை எப்படிச் செலவிட வேண்டும் என்பது தெளிவாகும். இக்கட்டுரையின் நோக்கம் அதுவே.

காட் எப்படிப் போனது

1497-இல் ஜான் காபட்டின் கப்பல் நியூஃபவுண்ட்லாந்தை அடைந்ததிலிருந்து நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த மீனைப் பிடித்தார்கள். பெரும்பாலும் சிறு படகுகள், தூண்டில், கரையோரப் பொறிவலைகள். கடல் தாங்கியது. 1950-களில் ஐரோப்பாவிலிருந்து பெரும் இழுவைக் கப்பல்கள் வந்தன. பிடித்த மீனைக் கப்பலிலேயே வெட்டி, உறையவைத்து, மாதக்கணக்கில் கடலிலேயே தங்கும் மிதக்கும் ஆலைகள் அவை. 1968-இல் பிடிப்பு எட்டு லட்சம் டன்னைத் தொட்டது. அதன் பிறகு சரிவுதான்.

1977-இல் கனடா தன் கரையிலிருந்து 200 கடல் மைல் வரை தனதென்று அறிவித்து அயல்நாட்டுக் கப்பல்களை வெளியேற்றியது. தொல்லை தீர்ந்தது என்று எல்லாரும் நம்பினார்கள். வெளியேறிய கப்பல்களின் இடத்தை உள்நாட்டு இழுவைக் கப்பல்கள் நிரப்பின. கரையோர மீனவர்கள் 1980-களிலேயே சொல்லத் தொடங்கினார்கள்: மீன் சிறுத்துவிட்டது, கரைப்பக்கம் வருவது குறைந்துவிட்டது. அரசு விஞ்ஞானிகளின் கணக்கோ மீன் பெருகுகிறது என்றது. அந்தக் கணக்கு பெரிதும் சார்ந்திருந்த தரவுகளில் ஒன்று, இழுவைக் கப்பல்கள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு பிடிக்கின்றன என்பது. காட் கூட்டமாகச் சேரும் மீன். எண்ணிக்கை குறையக் குறைய, மிச்சமிருப்பவை ஒன்றாக நெருங்கின. ஒலியலைக் கருவி வைத்திருந்த கப்பல்கள் நேராக அந்தக் கூட்டத்தின் மேல் போய் நின்றன. வலை நிரம்பியது. வலை நிரம்பியதால் கடலும் நிரம்பியிருப்பதாகக் கணக்கு சொன்னது. 1990-இல் லெஸ்லி ஹாரிஸ் தலைமையிலான குழு பழைய மதிப்பீடுகள் மிகைப்பட்டவை என்று அறிக்கை தந்தபோது காலம் கடந்திருந்தது.

இடையில் பிரான்சும் கனடாவும் சேன் பியேர் தீவுகளைச் சுற்றிய கடல் யாருக்கு என்று வழக்காடிக்கொண்டிருந்தன. 1992 ஜூன் 10 அன்று நடுவர் மன்றம் தீர்ப்பளித்து, பிரான்சுக்குத் தெற்கு நோக்கி ஓடும் ஒரு நீண்ட, ஒடுங்கிய பட்டையை அளந்து கொடுத்தது. மூன்று வாரம் கழித்து, ஜூலை 2 அன்று, கனடாவின் மீன்வள அமைச்சர் ஜான் கிராஸ்பி வடக்குக் காட் மீனைப் பிடிக்கத் தடை அறிவித்தார். சுமார் முப்பதாயிரம் பேர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். அடுத்த ஆண்டு சேன் பியேரை ஒட்டிய காட் மீன்பிடிப்பும் மூடப்பட்டது. கடலின் எல்லை தீர்மானமான வேளையில் அந்த எல்லைக்குள் பிடிக்க மீன் இல்லை.

இரண்டு ஆண்டுக்கென்று போட்ட தடை முப்பத்திரண்டு ஆண்டு நீடித்தது. 2024-இல் அதை நீக்கியபோது அனுமதித்த அளவு 18,000 டன். எட்டு லட்சத்துக்கு எதிரே இந்த எண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். காட் முதிர்ந்து முட்டையிட ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். மெதுவாக வளரும் உயிர் ஒருமுறை விழுந்தால் எழ ஒரு தலைமுறை போதாது.

நார்வேயும் இழுவை மடியும்

காட் மீனோடு நமக்கு நேரடித் தொடர்பும் ஒன்று உண்டு. 1952 அக்டோபரில் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை மூன்றும் ஓர் ஒப்பந்தம் போட்டன. அதன்படி கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் இந்திய–நார்வே மீன்வளத் திட்டம் தொடங்கியது. காட் பிடித்துத் தேர்ந்த நாடு நமக்கு விசைப்படகைக் கற்றுத் தந்தது. ஏழை மீனவரின் வருமானத்தைக் கூட்டுவதே நோக்கம். ஆனால் 1960-களில் இறால் ஏற்றுமதியில் பெரும் பணம் இருப்பது தெரிந்ததும், கடலடியை வாரி இழுக்கும் மடிவலையும் விசைப்படகும் இரு கரைகளிலும் பரவின. சோழமண்டலக் கரையில் அரசே மானியம் கொடுத்துப் படகு வழங்கியது. கட்டுமரக்காரர்களின் வலைகளை விசைப்படகுகள் அறுத்துக்கொண்டு போனதால் 1970-களில் கடலிலும் கரையிலும் அடிதடிகள் நடந்தன. அவற்றின் விளைவே 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். கரையிலிருந்து மூன்று கடல் மைல் பாரம்பரிய மீனவர்களுக்கு என்று அது ஒதுக்கியது. புதுச்சேரி தனக்கான ஒழுங்குமுறைச் சட்டத்தை 2008-இல்தான் இயற்றியது.

இந்தியாவும் தன் 200 கடல் மைல் பொருளாதார மண்டலத்தை 1977 தொடக்கத்தில், கனடாவின் அறிவிப்பு நடைமுறைக்கு வந்த அதே மாதத்தில்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1991-க்குப் பிறகு அயல்நாட்டுக் கூட்டுக் கப்பல்களுக்கு அனுமதி கொடுக்கப்பட்டபோது மீனவர் அமைப்புகள் நாடெங்கும் போராடின. 1996-இல் முராரி குழு அந்த அனுமதிகளை ரத்து செய்யப் பரிந்துரைத்தது. அது மீனவர்களின் வெற்றி. ஆயினும் அங்கே நடந்ததே இங்கும் நடந்தது. அயலாரைத் தடுத்தோம், உள்ளூர்ப் படகுகளின் எண்ணிக்கையையும் குதிரைத்திறனையும் கட்டுப்படுத்தாமல் விட்டோம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் பல ஊர்களில் முன்பிருந்த படகுகளைவிட அதிகமாகின. நல்லெண்ணத்தோடு வந்த உதவி கடலின் மேல் சுமையாகவும் இறங்கியது.

மத்தி: விழுந்து எழுந்த மீன்

புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் நான்கு பகுதிகளில் மாஹே மட்டும் அரபிக்கடல் ஓரம். அங்கே மத்தி இல்லாத சமையலறை கிடையாது. எனவே கேரளக் கரையின் மத்தி வரலாறு நம் வரலாறும்கூட.

மத்தி எப்போதும் ஏறி இறங்கும் மீன். மழை, கடல்நீரின் வெப்பம், மிதவை உயிரிகளின் பெருக்கம் எல்லாம் ஒத்துவந்தால் கரை கொள்ளாமல் வரும். ஒத்துவராவிட்டால் காணாமல் போகும். கேரளத்தில் 2012-இல் ஏறத்தாழ நான்கு லட்சம் டன் கிடைத்தது. 2021-இல் 3,297 டன்தான். நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 2015-ஐ ஒட்டிய எல் நினோ வெப்பத்தை ஆய்வாளர்கள் ஒரு காரணமாகச் சொன்னார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் குஞ்சு மீனை அள்ளிக் குவித்ததை இன்னொரு காரணமாகச் சொன்னார்கள். இயற்கை இறக்கிவிட்ட நேரத்தில் மனிதர் கை இறுகினால் இறக்கம் வீழ்ச்சியாகிறது. கனடாவிலும் அந்த ஆண்டுகளில் கடல்நீர் வழக்கத்தைவிடக் குளிர்ந்திருந்தது. ஆனால் குளிர் மட்டும் காட் மீனைக் கொன்றிருக்காது.

மத்தி மீண்டும் வந்தது. 2023-இல் கேரளத்தில் ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது. மத்தி ஓராண்டுக்குள் முட்டையிடத் தயாராகும், இரண்டரை ஆண்டுதான் வாழும். ஆகவே சற்று விட்டுப் பிடித்தால் பெருகிவிடும். இதே மீன் கடந்த நாற்பது ஆண்டுகளில் சோழமண்டலக் கரையிலும் நிலைகொண்டது. முன்பு அரிதாகக் கிடைத்த மத்தி இன்று புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் கூறு கட்டி விற்கும் மீன். கடல் சூடாவதால் மீனினங்கள் இடம் பெயர்வதற்கு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய அறிஞர்கள் காட்டும் சான்றுகளில் இதுவும் ஒன்று.

அந்தக் கூறுகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சில நாட்களில் மத்தி நடுவிரல் நீளம்கூட இருப்பதில்லை. வயிற்றைக் கீறினால் சினை இருக்காது. ஒருமுறைகூட முட்டையிடாத மீன் அது. இன்னும் சிறியதாக வருபவை மார்க்கெட்டுக்கே வருவதில்லை. ‘கழிசல்’ என்ற பெயரில், ராமேசுவரம் பக்கம் ‘சங்காயம்’ என்ற பெயரில், உலர்த்தி அரைக்க ஆலைகளுக்குப் போகின்றன. கோழித் தீவனமாகவும் இறால் பண்ணைத் தீவனமாகவும் மாறும் அந்தக் குவியலில் நாளைய வஞ்சிரமும் சங்கராவும் வாளையும் குஞ்சாகக் கிடக்கின்றன.

கெளுத்தி: எழாத மீன்

மத்தியைப் பார்த்து நிம்மதி அடைகிறவர்கள் கெளுத்தியின் கதையையும் கேட்க வேண்டும். கடல் கெளுத்தி முட்டைகள் கோலிக்குண்டு அளவு பெரியவை. எண்ணிக்கையில் குறைவு. பெண் மீன் இட்ட முட்டைகளை ஆண் மீன் வாய்க்குள் எடுத்து, குஞ்சு பொரித்துத் தானே நீந்தும்வரை வாரக்கணக்கில் சுமக்கும். அதுவரை அது இரையெடுப்பதே அரிது.

1970-களின் நடுவில் கர்நாடகக் கரையில் சுருக்கு வலைகள் வந்தன. மங்களூர், மல்பே பக்கம் பெருங்கூட்டமாகத் திரண்டிருந்த கெளுத்திகளை அவை வளைத்தன. பிடிபட்டவற்றில் பெரும்பங்கு வாயில் முட்டை சுமந்த ஆண்கள். வலைக்குள் மூச்சுத் திணறிய மீன்கள் முட்டைகளைக் கக்கின. படகுத் தளத்தில் டன் கணக்கில் முட்டையும் குஞ்சும் கொட்டிக் கிடந்ததை 1980-களின் ஆய்வுக் குறிப்புகள் பதிவு செய்திருக்கின்றன. சில ஆண்டுகளில் அந்தக் கெளுத்தி மீன்பிடிப்பு சரிந்துவிட்டது. இந்தியாவுக்குள் காட் மீனின் கதைக்கு மிக நெருங்கிய கதை இதுதான். மெதுவாகப் பெருகும் உயிர், கூட்டமாகச் சேரும் பழக்கம், கூட்டத்தையே வளைக்கும் வலை: மூன்றும் சேர்ந்தால் முடிவு ஒன்றே.

சுறா, திருக்கை, உழுவை, களவா எல்லாம் கெளுத்தியின் வகையில்தான் வரும். ஆண்டுகள் கழித்து முதிர்ந்து, சில குஞ்சுகளையே ஈனும் சுறா மீண்டெழ மத்தியைப் போல இரண்டு நல்ல மழைக்காலம் போதாது. நம் கரையின் பாதுகாப்புத் திட்டங்கள் ‘மீன்’ என்று பொதுவாகப் பேசும்போது இந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

சுருக்குமடி: வலையும் சண்டையும்

புதுச்சேரியில் மீன்வளம் பற்றிய எந்தப் பேச்சும் சுருக்குமடி வலையில் வந்து முடியும். பல நூறு மீட்டர் நீளமுள்ள வலை அது. மீன் கூட்டம் மேலே வந்து நீர் நிறம் மாறுவதைக் கண்டதும் படகு கூட்டத்தைச் சுற்றி வட்டமாக வலையை இறக்கிக்கொண்டே ஓடும். மேல்விளிம்பில் மிதவைகள், கீழ்விளிம்பில் வரிசையாக வளையங்கள். வட்டம் முடிந்ததும் வளையங்களுக்குள் ஓடும் கயிற்றை இழுப்பார்கள். பாட்டியின் இடுப்புச் சுருக்குப் பை போல அடிப்பக்கம் மூடிக்கொள்ளும். பிறகு கீழே தப்ப வழியில்லை. வலையின் கண் சிறிதாக இருந்தால் கூட்டத்தோடு குஞ்சும் உள்ளேதான்.

தமிழ்நாடு அரசு 2000-ஆம் ஆண்டில் இதைத் தடை செய்தது. ஆனாலும் கடலூர், நாகை, காரைக்கால், புதுச்சேரிக் கரைகளில் வலை பெருகியது. ஒரு சுருக்குமடிக்குப் பல லட்சம் முதலீடு தேவை. பலர் பங்கு சேர்ந்து வாங்குகிறார்கள். நாற்பது ஐம்பது குடும்பங்கள் அதை நம்பி இருக்கின்றன. “எங்களுக்கு மட்டும் தடை, குஞ்சை வாரும் இழுவை மடிக்குத் தடை இல்லையா?” என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. “நீங்கள் ஒரு நாளில் வளைத்தெடுத்தால் செவுள்வலைக்காரன் ஒரு மாதம் வெறும் வலையோடு திரும்புகிறான்” என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

இந்த இரு நியாயங்களும் பேச இடமில்லாதபோது கைகலப்பாகின்றன. 2018-இல் கடலூர் தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம் ஊர்களுக்கிடையே இந்த வலையால் எழுந்த பகை உயிர்ப்பலி வரை போனது. 2021 ஆகஸ்ட் 28 அன்று வீராம்பட்டினம், நல்லவாடு மீனவர்கள் ஆயுதங்களோடு மோதிக்கொண்டார்கள். காவல்துறை வானத்தை நோக்கிச் சுட்டுக் கலைத்தது. ஊர்களில் 144 தடை உத்தரவு வந்தது. பெண் கொடுத்து எடுத்த உறவுகள் நிறைந்த ஊர்கள் அவை.

2023 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்காலமாக ஒரு வழி சொன்னது: கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் இரு நாள் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை சுருக்குமடி பயன்படுத்தலாம். படகுகளில் கண்காணிப்புக் கருவி கட்டாயம். 12 கடல் மைலுக்கு உள்ளே மாநிலச் சட்டம், வெளியே ஒன்றிய அரசின் அதிகாரம். 2025 நவம்பரில் ஒன்றிய அரசு பொருளாதார மண்டலத்துக்கான புதிய மீன்பிடி விதிகளை வெளியிட்டு, எல்.இ.டி. விளக்கு வைத்துப் பிடிப்பதையும் இரட்டை மடி இழுவையையும் தடை செய்தது. விதிகள் கூடிக்கொண்டே போகின்றன. ஆனால் மத்திக் கூட்டம் 11-ஆவது கடல் மைலில் இருக்கிறதா 13-ஆவதில் இருக்கிறதா என்பதைப் பொறுத்து அதன் தலைவிதி மாறுவது மீன்வளப் பாதுகாப்பு ஆகாது.

நல்ல கணக்கும் காலி வலையும்

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2022-ஆம் ஆண்டு நிலவரப்படி நாட்டின் 135 மீன் இருப்புகளை ஆராய்ந்து, அவற்றில் 91.1 விழுக்காடு நல்ல நிலையில் இருப்பதாக அறிவித்தது. எந்தக் குப்பத்திலும் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். முன்பு ஐந்து பாகம் ஆழத்தில் கிடைத்த மீனுக்கு இப்போது மணிக்கணக்கில் எஞ்சின் ஓட்ட வேண்டியிருக்கிறது, டீசல் செலவுக்கே மீன் பற்றவில்லை என்பார்கள்.

இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். பல்லாண்டு உழைப்பில் உருவான அந்த அறிவியல் மதிப்பீட்டைத் தள்ளிவிடுவது தவறு. ஆனால் அது ஒரு மாநிலக் கரையையோ ஒரு வட்டாரத்தையோ முழுமையாகப் பார்க்கிறது. நல்லவாட்டுக் கரையோரம் என்ன நடக்கிறது என்பதை அந்த ஒற்றை எண் சொல்லாது. அடுத்து, கூட்டமீனில் பிடிப்பு அளவு ஏமாற்றும். காட் விஷயத்தில் ஏமாற்றியது. கூட்டத்தைத் தேடும் கருவியும் வளைக்கும் வலையும் இருக்கும்வரை கடைசிக் கூட்டம் பிடிபடும் நாள்வரை பிடிப்பு குறையாது. பிடிப்பு குறைந்தது தெரியும்போது கூட்டம் இருக்காது. நியூஃபவுண்ட்லாந்தில் கரையோர மீனவர் சொன்ன ‘மீன் சிறுத்துவிட்டது’ என்ற சொல், கணக்கு கண்டுபிடிப்பதற்குச் சில ஆண்டுகள் முந்தைய எச்சரிக்கை. இன்று அதே சொல் வைத்திக்குப்பத்திலும் பன்னித்திட்டிலும் கேட்கிறது. அதை அளவெடுத்து, எழுதி, ஆராய்ச்சி நிலையத்தின் மேசைக்குக் கொண்டுபோக வழி வேண்டும். 91.1 விழுக்காடு உண்மையானால் மகிழ்ச்சி. கையில் மீன் இருக்கும்போதே கட்டுப்பாட்டுக்கு இசைவது எளிது என்பதால், இப்போதுதான் அதற்கு நல்ல நேரம்.

தடைக்காலம் போதுமா?

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. புதுச்சேரி, காரைக்கால், ஏனாம் இதில் அடங்கும். மாஹேவுக்கு மேற்குக் கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. 2001-இல் தமிழ்நாட்டில் 45 நாளாகத் தொடங்கியது பின்னர் 61 நாளாக நீண்டது. குறைபாடுகள் பல இருந்தும், அனைவரும் ஏற்றுக்கொண்டு நடக்கும் ஒரே பாதுகாப்பு ஏற்பாடு இதுதான். தடை முடிந்து முதல் நாள் கடலுக்குப் போகும் படகுகள் நிறைந்து திரும்புவதை ஊரே பார்க்கிறது. விட்டால் மீன் பெருகும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இருந்தாலும் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. எல்லா மீனும் ஒரே பருவத்தில் முட்டையிடுவதில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்துக்குத் தடையை மாற்ற வேண்டும் என்று சோழமண்டலக் கரை மீனவர் பலர் பல ஆண்டாகக் கேட்கிறார்கள். இனவாரியான ஆய்வை வெளிப்படையாக வைத்துப் பேசி முடிக்க வேண்டிய கோரிக்கை இது. இரண்டாவது, 61 நாள் காத்த மீனை 62-ஆம் நாள் முதல் சிறுகண் மடியால் வாரினால் பலன் சில வாரங்களில் கரைந்துவிடும். கேரளம் 2015-இல் 14 இனங்களுக்குக் குறைந்தபட்ச அளவு நிர்ணயித்தது: மத்தி 10 சென்டிமீட்டர், காணாங்கெளுத்தி 14, வஞ்சிரம் 50. 2017-இல் அந்தப் பட்டியலை 58 இனங்களாக விரித்தது. அளவுக்குக் குறைந்த மீனோடு வரும் படகு பிடிபட்டால் அபராதம். மாஹேயின் வலை இறங்குவதும் அந்தக் கரையோரக் கடலில்தான் என்பதால், இவ்வகை அளவு விதி புதுச்சேரி நிர்வாகத்துக்குப் புதிய செய்தி அல்ல. நான்கு பகுதிகளிலும் அது ஒன்றுபோல நடைமுறைக்கு வர வேண்டும். படகை மட்டும் பிடிக்காமல், குஞ்சு மீனை மூட்டையாக வாங்கும் வியாபாரியையும் ஆலையையும் பிடிக்க வேண்டும். வாங்க ஆள் இல்லாத மீனைத் தேடி யாரும் டீசல் எரிக்க மாட்டார்கள்.

கரையும் கழிமுகமும்

மீன்வளத்தைப் பேசும்போது நிலத்தை மறந்துவிடுகிறோம். 1980-களின் பிற்பாதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுக அலைதடுப்புகள் கட்டப்பட்டன. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கே தடைபட்டது. வடக்கே நகரின் கடற்கரையும், குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர்க் கரைகளும் கரைந்தன. அரிப்பு கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம் என்று தமிழ்நாட்டுப் பகுதிக்கும் நகர்ந்தது. கல் கொட்டிய கரையில் கரைவலை இழுக்க முடியாது, கட்டுமரம் ஏற்ற முடியாது, மீன் உலர்த்த முடியாது. குறைந்த செலவில், குறைந்த தீங்கோடு பிடித்த தொழில்முறைதான் முதலில் இடம் இழந்தது. பாண்டிகேன் போன்ற அமைப்புகளின் தொடர்ந்த குரலுக்குப் பின், தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2018-இல் கடலுக்குள் அமைத்த செயற்கைத் திட்டால் நகரின் கடற்கரைக்கு ஓரளவு மணல் திரும்பியது. அதன் பலன் வடக்கே உள்ள குப்பங்களுக்கும் போய்ச் சேர வேண்டும்.

அதேபோல, தேங்காய்த்திட்டின் அலையாத்திச் செடிகளும், அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு கழிமுகங்களும் இறாலுக்கும் கொடுவாவுக்கும் வளர்ப்பிடங்கள். கடலில் முட்டையிலிருந்து வந்த குஞ்சு இங்கே ஒதுங்கி வளர்ந்துதான் திரும்பப் போகும். அந்த நீரில் சாக்கடை கலந்தால் கடலில் எத்தனை நாள் தடை போட்டும் பயன் குறைவு.

ஒரே கடலுக்கு ஒரே பேச்சு

இங்கேதான் காட் மீனின் இன்னொரு பாதியைச் சொல்ல வேண்டும். நியூஃபவுண்ட்லாந்தில் காட் அழிந்த அதே காலத்தில் பேரன்ட்ஸ் கடலில் அது பிழைத்தது. அந்தக் கடலின் இரு பக்கமும் நார்வேயும் சோவியத் ஒன்றியமும் (பின்னர் ரஷ்யாவும்). ஒன்று நேட்டோ நாடு, மற்றது அதன் பகை நாடு. இருந்தும் குஞ்சு ஒருவர் பக்கம் வளர்கிறது, முட்டை இன்னொருவர் பக்கம் விழுகிறது என்பதை ஒப்புக்கொண்டு, 1976 முதல் இரு தரப்பும் கூட்டு ஆணையமாக ஆண்டுதோறும் உட்கார்ந்து மொத்தப் பிடிப்பளவைத் தீர்மானித்தன. 1980-களின் இறுதியில் இருப்பு குறைந்தபோது அளவைக் கடுமையாக வெட்டின. பிடித்த காட் மீனைக் கடலில் வீசி எறிவதை நார்வே 1987-இல் தடை செய்தது. மீன் மீண்டது. 2013-இல் அனுமதி பத்து லட்சம் டன் வரை உயர்ந்தது. பின்னர் இருப்பு மறுபடி இறங்கியதால் 2025-க்கு 3,40,000 டன்னாகக் குறைத்தார்கள். உக்ரைன் போர் தொடங்கிய பிறகும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. மீன் குறையும்போது சேர்ந்து கையை இறுக்க ஓர் இடம் அவர்களிடம் இருக்கிறது. சேன் பியேரைச் சுற்றிய நாடுகள் கோட்டைத் தீர்த்துவிட்டு மீனைக் கோட்டைவிட்டன. பேரன்ட்ஸ் கடலில் கோடு பற்றிய தகராறு 2010 வரை நீடித்தது, மீன் பற்றிய உடன்பாடு அதற்கு முப்பதாண்டு முன்பே வந்துவிட்டது.

புதுச்சேரி வட்டாரத்தின் கரை 24 கிலோமீட்டர். அதுவும் தொடர்ச்சியாக இல்லை. காலாப்பட்டுக்கும் நகருக்கும் இடையே விழுப்புரம் மாவட்டக் குப்பங்கள். மூர்த்திக்குப்பத்தைத் தாண்டினால் கடலூரின் தாழங்குடா. ஒரு கூட்டம் காணாங்கெளுத்தி ஒரே காலையில் மூன்று நிர்வாகங்களைக் கடந்து போகும். ஒரு பக்கம் தடை, மறுபக்கம் கண்டும் காணாமை என்றால் மீனும் பிழைக்காது, சட்டத்தை மதிக்கிற மீனவரும் பிழைக்க மாட்டார். பகை நாடுகள் ஒரே மேசையில் உட்கார முடிந்தபோது, ஒரே மொழி பேசி ஒரே அம்மனுக்குத் தேர் இழுக்கும் ஊர்கள் உட்கார முடியாதா?

அதற்கான அடித்தளமும் இருக்கிறது. மீனவச் சமூகமான பட்டினவரின் ஊர்ப் பஞ்சாயத்துகள் தலைமுறை தலைமுறையாகக் கடலில் எந்த வலை இறங்கலாம், எது கூடாது என்று தீர்மானித்து, மீறியவர்க்குத் தண்டம் விதித்து வந்திருக்கின்றன. நெதர்லாந்து ஆய்வாளர் மார்ட்டன் பாவிங்க் சோழமண்டலக் கரை மீன்பிடிப்பு பற்றி 2001-இல் வெளியிட்ட நூல் அதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. அரசாணை எட்டாத இடத்தில் ஊர்க் கட்டுப்பாடு எட்டும். அதன் குறைகளும் தெரிந்தவையே: மீனை விற்கும், உலர்த்தும், கடனைச் சுமக்கும் பெண்களுக்கு அங்கே இடமில்லை. ஓர் ஊரின் கட்டுப்பாடு அடுத்த ஊரைக் கட்டாது.

எனவே காலாப்பட்டு முதல் கடலூர் வரையிலான கரைக்கு ஒரு கூட்டு மீன்வள அவை வேண்டும். புதுச்சேரி, தமிழ்நாடு இரு மீன்வளத் துறைகள், எல்லா ஊர்ப் பஞ்சாயத்துகள், மீன் விற்கும் பெண்கள், விசைப்படகு, ஃபைபர், சுருக்குமடி உரிமையாளர்கள், ஆராய்ச்சி நிலைய அறிஞர்கள் அனைவரும் அதில் உட்கார வேண்டும். மீனின் அளவு, வலைக்கண், சுருக்குமடியின் நாளும் தூரமும், மூடி வைக்க வேண்டிய கடற்பரப்பு ஆகியவற்றை ஆண்டுக்கொருமுறை அந்த அவை ஒரே விதியாகத் தீர்மானிக்க வேண்டும். இரு அரசுகளும் அதற்குச் சட்ட வலிமை தர வேண்டும். ஒவ்வொரு இறங்குதுறையிலும் என்ன மீன், எவ்வளவு நீளம் என்று எழுதி மாதந்தோறும் ஊர்ச் சாவடியிலேயே ஒட்ட வேண்டும். சுருக்குமடியிலிருந்து வெளியேற விரும்புகிறவர்களுக்கு அவர்கள் போட்ட முதலை அரசு ஈடு செய்ய வேண்டும். தடைக்கால நிவாரணம் தடை தொடங்கும் முன்பே கைக்கு வர வேண்டும். பட்டினி கிடப்பவரிடம் குஞ்சு மீனை விடச் சொல்ல யாருக்கும் தகுதி இல்லை.

கனடா தன் மீனவர்களுக்கு மாற்றுத் தொழிலும் உதவித்தொகையும் கொடுக்கக் கோடிக்கணக்கான டாலர் செலவழித்தது. காட் மீனை அந்தப் பணத்தால் வாங்கித் தர முடியவில்லை. நம்மிடம் அந்தப் பணமும் இல்லை, மீனுக்காக முப்பத்திரண்டு ஆண்டு காத்திருக்கும் வசதியும் இந்தக் குப்பங்களுக்கு இல்லை. ஆனால் மத்தி இன்னும் வருகிறது, தடைக்காலம் முடிந்தால் படகு இன்னும் நிறைகிறது. அடுத்த தடைக்காலத்தில் படகுகள் கரையில் நிற்கும் 61 நாள் முதல் கூட்டத்தைக் கூட்டப் போதுமான காலம். அழைப்பு விடுக்க வேண்டிய பொறுப்பு புதுச்சேரி அரசுக்கு உண்டு. தன் நான்கு பகுதிகளிலும் அடுத்த மாநிலங்களின் கடலோடு கலந்து வாழும் பிரதேசம் இதுதான். கோடுகளால் மீன் நிற்காது என்பதை இதைவிட நன்றாக அறிந்த அரசு வேறு இல்லை.